பனிக்காலத்தின் செலவுக் கணக்கு

ஈப்போவில் அறுபதைக் கடந்த படிப்பாளிகள் நாலு பேர் ஒரு கலியாண விருந்திலோ கோயில் மண்டபத்திலோ ஒன்றாக உட்கார்ந்துவிட்டால், பேச்சானது சர்க்கரை வியாதி, பேரப்பிள்ளைகள், ஓய்வூதியம் என்ற ஸ்டேஷன்களில் எல்லாம் தவறாமல் நின்று, கடைசியில் பனி என்ற இடத்தில் போய் இறங்கிக்கொள்வதைப் பல காலமாகக் கவனித்து வருகிறேன். மத்தியான வெயிலில் சுண்ணாம்புக் குன்றுகள் அனலை வீசும் கிந்தாப் பள்ளத்தாக்கில் பிறந்து, இன்றும் மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டுக்கொண்டே உறங்கும் இந்த மனிதர்கள், இளம்பிராயத்தில் இரண்டு மூன்று வருஷங்களே தங்கியிருந்த ஒரு சீதள தேசத்தின் குளிரைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் அவர்களுடைய குரலே கனிந்துவிடுகிறது. வாசலில் வைத்த பால் புட்டி உறைந்து அதன் மூடி மேலெழும்பி நின்றதும், கையுறை இல்லாமல் பனிப்பந்து பிடித்து விரல்கள் சிவந்து வீங்கியதும், வகுப்பை நடுவில் நிறுத்திவிட்டு முதற்பனியைப் பார்க்க எல்லாரும் வெளியே ஓடியதும் நேற்று நடந்த சம்பவங்களாக வந்து விழுகின்றன. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியே ஆகையால், அந்த ஞாபகங்களின் இனிமையை மறுக்க எனக்கு அதிகாரமில்லை.

ஆனால் பேச்சு அங்கே நிற்பதில்லை. பனியை விட்டு எழுந்து அது பெரும்பாலும் இக்காலத்துப் பிள்ளைகளின் தலையில் போய் விழுகிறது. நாங்கள் அந்தக் குளிரிலும் படித்து முன்னுக்கு வந்தோமே, எல்லாச் சௌகரியங்களும் வாய்த்திருக்கிற இவர்கள் பாதியில் படிப்பை விட்டுவிட்டுப் பட்டறைக்கும் லாரிக்கும் போகிறார்களே என்று ஒரு தீர்ப்பு வாசிக்கப்படுகிறது. சபையும் தலையை ஆட்டி அதை அங்கீகரிக்கிறது. தீர்ப்பைச் சொல்பவர்கள் ஒரே ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். குளிர்காலம் எங்களுக்கு இனித்ததற்கு எங்கள் மனோதிடம் முதற்காரணம் அன்று. அறையைச் சூடாக்கிய கரிக்கும், உடம்பை மூடிய கம்பளிக் கோட்டுக்கும், வேளாவேளைக்குக் கிடைத்த ஆகாரத்துக்கும் வேறு யாரோ பணம் கட்டியிருந்தார்கள் என்பதே முதற்காரணம். அந்தப் பணத்தின் வரலாற்றைச் சொல்லாமல் பனியின் அழகை மட்டும் சொல்வது, பிள்ளைகளை ஏமாற்றுவதாகும் என்பது என் அபிப்பிராயம்.

குளிர் என்றால் என்ன என்று தெரியாதவர்களாக நாங்கள் கப்பலிலும் விமானத்திலும் ஏறவில்லை. சுங்கை சிப்புட்டுக்கு அப்பால், இன்று செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களுமாக மாறிவிட்ட ரப்பர் தோட்டம் ஒன்றின் லயத்தில் வளர்ந்தவள் நான். மரம் குளிர்ந்திருக்கும்போதுதான் பால் தாராளமாக இறங்கும், வெயில் ஏற ஏற வடிவது குறைந்துபோகும் என்ற காரணத்தால் தோட்டத்து ஜனங்களின் நாள், இருள் விலகுவதற்கு வெகு முன்னதாகவே ஆளெண்ணும் பிரட்டுக் களத்தில் தொடங்கிவிடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நனைந்த புல்லில் கால் சில்லிட, மரத்துக்கு மரம் ஓடிப் பால் பிடிக்கும் மங்கில் கிடந்த ஒட்டுப்பாலை எடுத்துவிட்டுப் பட்டையைச் சீவும் என் தாயாருக்கு, குளிர் என்பது ரசிப்பதற்குரிய வஸ்துவாக ஒருநாளும் தோன்றியதில்லை. வருஷத் தொடக்கத்தில், ஏறக்குறைய தைப்பூசத்தை ஒட்டி, ரப்பர் மரங்கள் இலைகளை எல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். புதுத்தளிர் விட்டு இலை முற்றும்வரை பால் சுருங்கும். பால் சுருங்கினால் கூலி சுருங்கும். கூலி சுருங்கினால் மளிகைக் கடைக் கணக்குப் புத்தகத்தில் எங்கள் பக்கம் நீளும். பிற்பாடு இங்கிலாந்தில் நான் பனியைக் கண்டு களித்த மாதங்களும், பேராவில் என் பெற்றோர் கடனுக்கு அரிசி வாங்கிய மாதங்களும் ஒரே மாதங்கள்.

இந்த ரப்பர் மரமும் ஒரு குளிர் தேசத்தின் வழியாகவே எங்களிடம் வந்து சேர்ந்தது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் லண்டனில் கியூ தோட்டத்துக் கண்ணாடி மாளிகைகளின் சூட்டில் முளைத்தன. மறுவருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவற்றில் 9 கன்றுகளைப் பேராவின் ரெசிடென்டாயிருந்த ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அந்த ஆதிகாலத்து மரங்களில் ஒன்று இன்னும் அந்த ஊரில் நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துச்சென்று காட்டுகிறார்கள். வெப்ப தேசத்து விதை, குளிர் தேசத்தில் பிழைத்திருக்க வேண்டுமானால், அதைச் சூழ்ந்த கண்ணாடி வீட்டுக்கு யாராவது செலவு செய்தாக வேண்டும் என்பது பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே நன்றாகத் தெரிந்திருந்தது.

மனிதக் கன்றுகளுக்கும் அப்படி ஒரு கண்ணாடி வீட்டைக் கட்டிக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 1950களின் தொடக்கத்தில், லிவர்பூலுக்கு அருகே கிர்க்பி என்னும் இடத்தில், யுத்த காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்காகக் கட்டப்பட்ட விடுதிகளில், மலாயா ஆசிரியப் பயிற்சிக் கலாசாலை ஆரம்பிக்கப்பட்டு 1962 வரையில் நடந்தது. வுல்வர்ஹாம்ப்டனுக்குப் பக்கத்தில் பிரின்ஸ்போர்டு லாட்ஜ் என்ற இன்னொரு கலாசாலை 1955 முதல் 1964 வரை நடந்தது. மலாய்க்காரர், சீனர், தமிழர், யூரேசியர் என்ற பேதமின்றிப் பள்ளி முடித்த ஆண்களும் பெண்களும் இரண்டு வருஷப் பயிற்சிக்காக அங்கே அனுப்பப்பட்டனர். படிப்பு, பிரயாணம், தங்குமிடம், கைச்செலவு எல்லாம் அரசாங்கத்தின் பொறுப்பு; திரும்பிவந்து பள்ளிக்கூடங்களில் பணிபுரிய வேண்டும் என்ற ஒப்பந்தம் மாணவர்களின் பொறுப்பு. அதற்கு மேல் அவர்களிடமிருந்து எதுவும் கேட்கப்படவில்லை.

இடைநிலைப் பள்ளியில் எனக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் கிர்க்பியில் பயின்றவர். இலக்கணம் அலுத்துப்போன பிற்பகல்களில், நாங்கள் சற்றுத் தூண்டிவிட்டால் போதும், அவர் பனிக்குள் போய்விடுவார். 1956 ஜனவரியில் போய்ச் சேர்ந்த அவருக்கு அடுத்த மாதமே ஐரோப்பா முழுவதையும் வாட்டிய கடுங்குளிர் காத்திருந்தது. அந்தப் பிப்ரவரி 7ஆம் தேதி, லண்டனில் சுதந்திரப் பேச்சுவார்த்தையை முடித்துக்கொண்டு மறுநாள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட இருந்த முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான், அந்தக் கலாசாலைக்கு வந்து, 1957 ஆகஸ்டு 31இல் நாடு சுதந்திரமடையும் என்ற செய்தியை மாணவர்களிடம் சொன்னார். மலாக்காவில் அதே மாதம் 20ஆம் தேதி ஜனசமுத்திரத்தின் முன்னே சொல்லப்பட்ட செய்தி, அதற்கு முன்பே ஓர் ஆங்கிலேயக் கிராமத்துப் பனியில் நின்ற சில நூறு மாணவர்களின் காதில் விழுந்துவிட்டது. அன்றிரவு உறக்கம் வராமல் பல இனத்து முகங்களும் ஒரே அடுப்பைச் சுற்றிக் குந்தியிருந்ததை எங்கள் ஆசிரியர் வர்ணிக்கும்போது, துங்கு பேசியதைவிட அந்த அடுப்பைப் பற்றியே அதிகம் சொல்வார். வகுப்பறையில் வியர்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த அடுப்பின்மேல் ஒரு பொறாமையே உண்டாயிற்று.

அந்த அடுப்பருகே தோட்டப் பாட்டாளிகளின் பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்ற கேள்வியையும் நேர்மையாகக் கேட்டுவிட வேண்டும். கிர்க்பிக்குப் போக ஆங்கிலப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பு நின்றுபோன பிள்ளைகளுக்கு அந்த வாசல் தெரியவே தெரியாது. கிராணிமாரின் பிள்ளைகளும், பட்டணத்துச் சிப்பந்திகள், சிறு வியாபாரிகள் ஆகியோரின் பிள்ளைகளும் போனார்கள். பால்மரம் வெட்டுகிறவரின் பிள்ளை போனது அபூர்வம். சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் அந்த ஊரிலேயே மகாத்மா காந்தி கலாசாலையை எழுப்ப, 1954இல் விஜயலட்சுமி பண்டிட் அதைத் திறந்துவைத்த பின்னணியை இங்கே நினைத்துப் பார்த்தால், அந்தக் காலத்துத் தோட்டப் பிள்ளைக்கு முதல் தேவை பனியன்று, ஒரு நல்ல பள்ளிக்கூடமே என்பது விளங்கும்.

பிரின்ஸ்போர்டில் இருந்த கடைசித் தொகுதிகளுக்கு 1962–63ஆம் ஆண்டுக் குளிர்காலம் வாய்த்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பெய்யத் தொடங்கிய பனி மார்ச் மாதத் தொடக்கம்வரை பல இடங்களில் தரையை விட்டு அகலவில்லை. ஜனவரியின் சராசரி வெப்பநிலை மத்திய இங்கிலாந்தில் பூஜ்யத்துக்குக் கீழே 2 பாகைக்கும் சற்று அதிகமாக இறங்கி, அந்த நூற்றாண்டிலேயே மிகக் குளிர்ந்த மாதம் என்ற பெயரைப் பெற்றது. கால்பந்தாட்டங்கள் வாரக்கணக்கில் நடக்காமற்போகவே, நடக்காத ஆட்டங்களின் முடிவை ஊகித்துச் சொல்ல ஒரு நிபுணர் குழுவையே நியமித்தார்கள். பந்தயம் கட்டுகிறவர்களின் சிரத்தைக்கு முன் இயற்கை ஒரு தடையாகுமா என்ன! அந்தக் குளிர்காலத்தைக் கண்டுவந்த ஒரு பெரியவர், இன்றும் ஈப்போவில் மழை விடாமல் பெய்யும் நாட்களில் அந்த வருஷத்தை இழுத்து வைத்து ஒப்பிடாமல் இருக்கமாட்டார்.

கலாசாலைகள் மூடப்பட்ட பின்னரும் பேராவிலிருந்து பனியை நோக்கிச் செல்லும் பாதை ஒன்று திறந்தே இருந்தது. அதைப் பற்றி எங்கள் சமூகத்தில் அதிகம் பிரஸ்தாபிக்கப்படுவதில்லை. போனவர்களில் பெரும்பாலோர் பெண்களாயிருந்ததும், அவர்கள் அடைந்தது பட்டமல்ல, தாதிமைத் தொழிலே என்பதும் காரணமாயிருக்கலாம். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவைக்கு ஆள் பற்றாக்குறை. பயிற்சிக்கு வரும் பெண்ணுக்குக் கட்டணம் கிடையாது. அவளுக்கே மாதந்தோறும் ஊதியம் உண்டு, விடுதி உண்டு. ஆகவே மலேசியாவின் பட்டணங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் பெண் பிள்ளைகள் அங்குள்ள ஆஸ்பத்திரி மேட்ரன்களுக்கு நீலநிற விமானத் தபாலில் விண்ணப்பம் எழுதினார்கள். ரிமூவ் வகுப்பில் ஆங்கிலத்தோடு ஒரு வருஷம் மல்லாடி, எம்.சி.இ. பரீட்சை தேறியிருந்த நானும் எழுதினேன். பதில் வந்தபோது லயமே கூடிவிட்டது. பெண் பிள்ளையைத் தனியாகக் கடல் கடந்து அனுப்புவதா என்று பெரியம்மா ஒரு பாட்டம் அழுதார். தண்டல் மாமா, அங்கே நோயாளிகளுக்கு மலசலம் எடுக்கச் சொல்வார்களாமே என்று கௌரவப் பிரச்சினையைக் கிளப்பினார். என் தகப்பனார் ஒன்றும் பேசாமல் ஈப்போவுக்குப் பஸ் ஏறி, தாயாரின் சங்கிலியை அடகுக்கடையில் வைத்துவிட்டு, ஒருவழி விமானச் சீட்டுக்கு வேண்டிய பணத்தோடு திரும்பினார். அந்த ஒரு செலவைத்தான் எங்கள் குடும்பத்தால் செய்ய முடியும். அதற்குமேல் ஒரு காசு தேவைப்பட்டிருந்தாலும் நான் இன்று பனியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

யார்க்‌ஷயரில் ஒரு சிறு நகரத்து ஆஸ்பத்திரி. 1978 டிசம்பர் கடைசியில் இரவுப் பணியில் இருந்தபோதுதான் முதன்முதலாக நல்ல பனியைக் கண்டேன். தகரக் கூரையின்மேல் பெய்யும் மழையில் பேசுவதற்கே குரலை உயர்த்திப் பழகிய எனக்கு, வானத்திலிருந்து இவ்வளவு பெரிய காரியம் ஒரு சத்தமும் இல்லாமல் நடக்கக்கூடும் என்பதே நம்பத்தகாததாயிருந்தது. விளக்குகளைத் தணித்து வைத்திருந்த அந்த நீண்ட வார்டின் உட்கூரையில் நடுநிசிக்குப் பிறகு ஒரு வெளிச்சம் பரவியது. தெருவிளக்கின் ஒளி பனியில் பட்டு மேல்நோக்கித் திரும்பி வருகிறது என்று புரிய நேரமாயிற்று. காலையில் சிவப்புத் துணி உள்வைத்த கருநீலத் தோளங்கியைப் போர்த்திக்கொண்டு விடுதியை நோக்கி நடந்தபோது, காலின்கீழே பனி நறநறவென்று ஒலித்தது. யாரும் மிதிக்காத ஒரு பரப்பை நாம் மிதித்து அழுக்காக்குகிறோமே என்று கூச்சமாகக்கூட இருந்தது. மொரீஷியஸிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண்ணும், அயர்லாந்துக்காரி ஒருத்தியும், நானும் இரவெல்லாம் விழித்த களைப்பை மறந்து, தொப்பியும் அங்கியுமாகவே ஒருவர்மேல் ஒருவர் பனியை வாரி எறிந்துகொண்டோம்.

விடுதி வாழ்க்கையின் சுகங்களை எழுதத் தொடங்கினால் இந்தப் பத்திரிகை கொள்ளாது. பிராட்போர்டில் பாகிஸ்தானியர் நடத்திய கடையிலிருந்து உளுத்தம்பருப்பு வாங்கிவந்து மாவரைத்தால், அந்தக் குளிரில் மாவு புளிப்பேனா என்று அடம் பிடிக்கும். சுடுநீர்த் தொட்டி இருக்கும் துணி அலமாரியின் கதகதப்பில் பாத்திரத்தை ஒளித்து வைப்பது என்று கண்டுபிடித்தோம். விடுதியை நிர்வகித்த சிஸ்டர் அம்மாள், அலமாரிக்குள் எலி ஏதோ செத்துக் கிடக்கிறது என்று முடிவு செய்து, எல்லாப் போர்வைகளையும் வெளியே எடுத்துப்போடச் செய்தார். கடைசியில் பொங்கி வழிந்த மாவைக் கண்டதும் நாங்கள் அளித்த விளக்கத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, மறுவாரம் அவரே வந்து ஒரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தைப்பூசத்தன்று ஈப்போவின் கல்லுமலைக் கோயிலில் காவடி ஏறும் நேரத்தைக் கணக்கிட்டு, ஜன்னலுக்கு வெளியே மரக்கிளைகளில் தொங்கிய பனியைப் பார்த்துக்கொண்டே விபூதி இட்டுக்கொண்டது இன்றும் மனத்தைவிட்டு நீங்கவில்லை.

ஆனால் பகலில் வார்டில் நான் கண்ட குளிர் வேறு. பனி விழுந்த மறுநாளே இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டிகள் ஒருவர்பின் ஒருவராக வந்து சேர்வார்கள். மார்ச்சளி முற்றியவர்கள் வருவார்கள். வீட்டில் கணப்பு மூட்ட வகையின்றி உடம்பின் சூடே இறங்கிப்போய், தொட்டால் கல்லாகக் குளிர்ந்திருக்கும் முதியவர்களும் வருவார்கள். கொல்லைப்புறக் கொட்டகையிலிருந்து ஒரு வாளி கரி எடுத்துவரப் போய்ப் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்த ஒரு பாட்டி, ஜன்னலோரக் கட்டிலில் பல வாரங்கள் கிடந்தார். பனி எவ்வளவு அழகு என்று நான் வியந்து சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. உனக்கு இங்கே கணப்பு இருக்கிறதல்லவா என்று மட்டும் கேட்டார். அந்த ஜனவரி 22ஆம் தேதி ஆஸ்பத்திரிச் சிப்பந்திகள் உட்பட லட்சக்கணக்கான பொதுத்துறைத் தொழிலாளர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பயிற்சித் தாதியரான நாங்கள் சாப்பாட்டு வண்டியைத் தள்ளினோம், அழுக்குத் துணிமூட்டைகளைச் சுமந்தோம். வேலையை நிறுத்தியவர்கள் சோம்பேறிகள் என்று பத்திரிகைகள் எழுதின. அவர்களுடைய சம்பளச் சீட்டைக் கண்டிருந்த எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

பிரிட்டன் எங்களுக்குத் தர்மம் செய்தது என்றும் சொல்லமாட்டேன். எங்களுடைய இரவுகளை வாங்கிக்கொண்டுதான் அது கரிக்குப் பணம் கொடுத்தது. மூன்று வருஷப் பயிற்சிக்கு வந்ததாக நம்பியிருந்த அந்நிய நாட்டுப் பெண்கள் பலரை, இரண்டு வருஷப் பயிற்சி பெற்ற கீழ்நிலைத் தாதிகளாக்கும் வகுப்பில் சேர்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பியபின் அந்தத் தகுதி செல்லுபடியாகவில்லையே என்று அவர்கள் திகைத்து நின்ற கதைகளும் உண்டு. எனக்கு அந்த விபத்து நேரவில்லை. என்னுடன் விமானமேறிய ஒருத்திக்கு நேர்ந்தது. ஆயினும், மரம் வெட்டுகிறவரின் மகள் கடன்படாமல் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு, மாதாமாதம் வீட்டுக்குப் பணமும் அனுப்பி, சங்கிலியையும் மீட்டுக் கொடுக்க முடிந்த ஒரு வழி அது.

பட்டப்படிப்புக்குப் போன எங்கள் மாணவர்களின் வழியோ படிப்படியாக அடைபட்டது. 1967இல் அந்நிய மாணவர்களின் கட்டணம் 250 பவுனாக உயர்ந்தது. உள்நாட்டவருக்கு 70 பவுன். 1979 மார்ச்சில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் பிரிட்டிஷ் பிரதமர் காலகனின் அரசாங்கம் கவிழ்ந்து, மே மாதத் தேர்தலில் மார்கரெட் தாட்சர் வந்தபின், 1980 முதல் முழுச் செலவையும் அந்நிய மாணவரே ஏற்க வேண்டும் என்றாயிற்று. அங்கிருந்த அந்நிய மாணவர்களில் அப்போது மலேசியர்களே அதிகம் ஆகையால், அடி எங்கள்மேல்தான் பலமாக விழுந்தது. மறுவருஷம் எங்கள் பிரதமர் டாக்டர் மகாதீர், பிரிட்டிஷ் சரக்கைக் கடைசியாக வாங்கினால் போதும் என்று உத்தரவிட்டதற்குரிய காரணங்களில் இதுவும் ஒன்று.

பனி அதற்குப் பிறகும் எங்கள் பிள்ளைகளை விட்டுவிடவில்லை, திசைதான் மாறியது. மருத்துவப் படிப்புக்கு ரஷ்யாவும் உக்ரைனும் மலிவு என்று கேள்விப்பட்டு, வீட்டையும் சேமநிதியையும் ஈடாக வைத்துப் பெற்றோர்கள் பிள்ளைகளை அனுப்பினார்கள். என் உறவுக்காரப் பையன் ஒருவன் வோல்கா நதிக்கரை நகரம் ஒன்றில் படித்தான். அவனுடைய விடுதியிலும் சூட்டுக்குக் குறைவில்லை. நதி உறைந்து, அதன்மேல் மனிதர்கள் துளையிட்டு உட்கார்ந்து மீன் பிடிக்கும் காட்சியையும் அவன் கண்டிருக்கிறான். ஆனால் அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் அவன் நதியைச் சொல்வதில்லை; ரிங்கிட்டைச் சொல்கிறான். 2014இன் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 3.30 அளவில் இருந்த ரிங்கிட், மறுவருஷம் செப்டம்பரில் 4.40ஐத் தொட்டது. கட்டணமோ டாலரில். காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து பனியைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் நாணய மாற்று விகிதத்தைத்தான் பார்ப்பானாம். நாற்பதைத் தாண்டாத அந்த இளைஞனுக்கு, எங்கள் கலியாண விருந்துப் பனிக்கதைகள் அருவருப்பையே உண்டாக்குகின்றன. அவன் உழைக்கவில்லை என்று சொல்ல யாருக்காவது துணிவு உண்டா?

இப்போது உள்நாட்டிலேயே இத்தனை பல்கலைக்கழகங்கள் இருக்கையில் குளிர் தேசத்துப் பேச்சு எதற்கு என்று கேட்பார்கள். கேள்வி நியாயமே, பனியைக் காண்பதற்காக ஒரு பிள்ளையும் வெளிநாடு போக வேண்டியதில்லை. ஆனால் தோட்டம் துண்டாடப்பட்டபோது வெளியேறிப் புந்தோங்கிலும் செம்மோரிலும் மலிவு அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய குடும்பத்துப் பெண்ணுக்கு, கடல் கடந்த சபாவில் பல்கலைக்கழக இடம் கிடைத்தது என்று ஒரு கடிதம் வந்தால், என் தகப்பனார் அடகுக்கடையில் நின்ற அதே நிலையில்தான் அவளுடைய தகப்பனாரும் நிற்கிறார். கட்டணத்துக்கு 1997 முதல் பி.டி.பி.டி.என். என்னும் அரசாங்க நிதியின் கடன் இருக்கிறது, கடன் என்பதை மறந்துவிடலாகாது. விமானச் சீட்டு, முன்பணம், மடிக்கணினி, வகுப்பு தொடங்கிக் கடன் கைக்கு வரும்வரை சாப்பாடு, இவையெல்லாம் எந்தப் பாரத்திலும் இடம்பெறாத செலவுகள். படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகள் சிலரிடம் உட்கார்ந்து பேசிப் பார்த்திருக்கிறேன். புத்தியில்லாமல் விட்டவன் உண்டு, மறுக்கவில்லை. இந்தச் சில்லறைச் செலவுகளால் விட்டவர்களே அதிகம்.

ஆகவே என் யோசனை பெரிய சீர்திருத்தம் ஒன்றும் அன்று. கிர்க்பி ஒப்பந்தத்தை மறுபடியும் எழுதலாம்: பிரயாணம், இருப்பிடம், ஆகாரம், துணிமணி உள்ளிட்ட முழுச் செலவும் அரசாங்கத்தினுடையது, படித்து முடித்தபின் குறித்த சில வருஷங்கள் தாய்நாட்டுப் பள்ளியிலோ ஆஸ்பத்திரியிலோ பணிபுரிவது மாணவரின் கடமை. பணம் திருப்பிக் கேட்கப்படலாகாது. அரசாங்கம் மனம்வைக்கும்வரை சமூகம் சும்மா இருக்க வேண்டியதில்லை. 1960இல் தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டபோது, துன் சம்பந்தனின் அழைப்பை ஏற்று, மாதம் 10 வெள்ளியாகக் கொடுத்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கட்டியெழுப்பித் தோட்டங்களையே விலைக்கு வாங்கியவர்கள் மரம் வெட்டுகிறவர்கள்தாம். அவர்களால் 10 வெள்ளி எடுத்து வைக்க முடிந்தபோது, ஓய்வூதியம் வாங்கும் தலைமையாசிரியர்களாலும் மேட்ரன்களாலும் முடியாதா?

நாங்கள் வருஷந்தோறும் நடத்தும் பழைய மாணவர் விருந்தில், பனிக்காலப் புகைப்படங்களைத் திரையில் காட்டுவதற்கென்றே ஒரு மணி நேரம் ஒதுக்கப்படுகிறது. அந்தப் படங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது மேசைக்கு மேசை ஒரு தட்டை அனுப்பி, சபாவுக்கும் சரவாக்குக்கும் போகிற பேராப் பிள்ளைகளின் விமானச் சீட்டுக்கு வசூல் செய்யலாம் என்று நிர்வாகக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். தட்டில் விழுவது போதாதென்றால், கடைசியில் பரிமாறும் ஐஸ்கிரீமை நிறுத்திவிடலாம். அந்த மண்டபத்தில் சர்க்கரை வியாதி இல்லாதவர்கள் மிகச் சொற்பம்.